குருகிராமில் வீடு, டி.டி.ஹெச்-சில் தமிழ் வருமா? எந்தச் சேனல் உங்களுக்கு என்று முடிவு செய்வது யார்?

வேலை கிடைத்து குருகிராமுக்கோ புனேவுக்கோ குடிபோகிறவர்கள் சந்திக்கும் சின்னச் சிக்கல் இது. ஊரிலிருந்து அப்பா, அம்மா ஒரு மாதம் தங்க வருகிறார்கள். ஓ.டி.டி. எல்லாம் அவர்களுக்குச் சரிப்படாது, ரிமோட்டில் நம்பர் அழுத்தினால் சேனல் வரணும். டி.டி.ஹெச் இணைப்பு எடுக்கிறீர்கள். டிஷ் மாட்ட வந்தவர் ஹிந்தி பேக் ஒன்றைப் போட்டுவிட்டு, "தமிழ் எல்லாம் இந்த ஏரியாவுல வராது சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

அவர் சொன்னது தவறு. நீங்கள் வாங்கிய நிறுவனம் அந்தத் தமிழ்ச் சேனலை விநியோகிக்கிறது என்றால், அதன் சிக்னல் அந்த நிமிடமே உங்கள் பால்கனி டிஷ்ஷில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. திரையில் வராததற்குக் காரணம் வானத்தில் இல்லை. ஒரு அரசு அனுமதி, ஒரு வாடகைக் கணக்கு, இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான ஒரு ஒப்பந்தம், உங்கள் பெயரில் பதிவான ஒரு பேக் என்று பல கைகளைத் தாண்டித்தான் ஒரு சேனல் திரைக்கு வருகிறது. இதில் எங்கே அடைபட்டாலும் வெளியே கேட்கும் பதில் ஒன்றுதான்: "வராது சார்."

செயற்கைக்கோளுக்கு மாநில எல்லை தெரியாது

கேபிள் டிவி என்பது ஊருக்கு ஊர் இழுத்த கம்பி. மதுரைக்கு ஒரு பட்டியல், மங்களூருக்கு வேறு பட்டியல் கொடுக்கலாம். டி.டி.ஹெச் அப்படி இல்லை. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை, காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே போர்வையாக விழுகிறது. குருகிராம் டிஷ்ஷுக்கும் கும்பகோணம் டிஷ்ஷுக்கும் கிடைப்பது ஒரே கட்டுதான். அந்தக் கட்டு மொத்தமும் பூட்டப்பட்டு வருகிறது. உங்கள் செட்டாப் பாக்ஸுக்கு எந்தெந்தச் சேனலைத் திறக்க அனுமதி உண்டு என்ற உத்தரவும் அதே செயற்கைக்கோள் வழியாகவே வந்து சேர்கிறது. ரீசார்ஜ் செய்த சில நிமிடங்களில் சேனல்கள் திறந்துகொள்வது இப்படித்தான்.

இந்த இடத்தில் அமெரிக்காவோடு ஒரு ஒப்பீடு உதவும். அங்கே நாடு 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டாலஸில் இருப்பவருக்கு டாலஸ் நிலையங்கள், சியாட்டிலில் இருப்பவருக்கு சியாட்டில் நிலையங்கள். ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் மட்டும் விழும் குறுகிய கற்றைகளை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஊரின் ஒரு நிலையத்தைச் சட்டம் தரும் உரிமையின் பேரில் கொடுத்தால், அந்த ஊரில் கேட்கும் மற்ற நிலையங்களையும் கொடுக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் அப்படி ஊர்வாரி விதி கிடையாது. இங்கே டி.டி.ஹெச்-சில் 'லோக்கல்' என்றால் மாநில மொழிச் சேனல் என்று அர்த்தம். திருநெல்வேலி, தஞ்சாவூர் என்ற அளவுக்கு அது இறங்கி வருவதில்லை.

முதல் கேள்வி: அந்தச் சேனலுக்கு டெல்லியின் அனுமதி இருக்கிறதா?

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதித்த சேனல்களை மட்டுமே டி.டி.ஹெச் நிறுவனங்கள் விநியோகிக்கலாம். இப்படி அனுமதி பெற்றவை நாடு முழுக்கச் சுமார் 900. அந்த அனுமதி சும்மா கிடைப்பதில்லை. 2022 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளின்படி, செய்திச் சேனல் தொடங்க விரும்பும் நிறுவனத்தின் நிகர மதிப்பு குறைந்தது 20 கோடி ரூபாய் இருக்க வேண்டும். செய்தி அல்லாத சேனலுக்கு 5 கோடி. சிக்னலை மேலே ஏற்றும் செலவு, செயற்கைக்கோள் வாடகை எல்லாம் அதற்கு மேல்.

உங்கள் ஊர் கேபிளில் ஓடும் லோக்கல் சேனலை நினைத்துப் பாருங்கள். கோயில் தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, கவுன்சிலர் பேட்டி, நடுநடுவே ஜவுளிக்கடை விளம்பரம். அது கேபிள் ஆபரேட்டரின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நேராகக் கம்பியில் ஏறுவது, செயற்கைக்கோளைப் பார்த்ததே இல்லை. கேபிளிலிருந்து டி.டி.ஹெச்-சுக்கு மாறிய வீட்டில் அந்தச் சேனல் மறைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

இது வெறும் ரசனை சார்ந்த இழப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. அப்படியொரு நாளில் எந்தத் தெருவில் தண்ணீர், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் என்ற தகவல் தெரு அளவில் தேவைப்படுகிறது. மாநில அளவிலான செய்திச் சேனல் அந்த அளவுக்கு இறங்கிச் சொல்வது கடினம். அதற்குத் தோதான சேனல், டி.டி.ஹெச் போட்ட வீட்டில் கட்டமைப்பு அளவிலேயே இல்லை.

சட்டப்படி கட்டாயமாக வருபவை

பட்டியலில் டி.டி.ஹெச் நிறுவனம் கை வைக்கவே முடியாத ஒரு பகுதியும் உண்டு. தூர்தர்ஷன் சேனல்கள், நாடாளுமன்றச் சேனலான சன்சத் டிவி போன்றவற்றைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். கேபிளுக்கு இது 1995-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, டி.டி.ஹெச்-சுக்கு உரிம நிபந்தனை. அதனால் 2024 ஜனவரி வரை 'பொதிகை' என்று அழைக்கப்பட்ட டிடி தமிழ், குருகிராமில் ஹிந்தி பேக் போட்டவருக்கும் வரும். தேடிப் பாருங்கள், பட்டியலில் எங்காவது உட்கார்ந்திருக்கும்.

இதோடு ஒட்டிய ஒரு கிரிக்கெட் புதிர். ஊரில் மாமா வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் டிடி சேனலில் மேட்ச் ஓடுகிறது. காசு கட்டிப் பார்க்கும் உங்கள் வீட்டில் அதே டிடி வேறு எதையோ காட்டுகிறது. ஏன்? 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் சிக்னலைத் தனியார் ஒளிபரப்பாளர் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். ஆனால் அந்த சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டி.டி.ஹெச் சேவைக்கும் மட்டும்தான், தனியார் கேபிளும் டி.டி.ஹெச்-சும் அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் ஒன்று, ஓட்டம் இரண்டு.

மேலே இடம் எவ்வளவு?

கட்டாயச் சேனல்களைக் கொடுத்த பிறகு மீதமுள்ள இடத்துக்குத்தான் போட்டி. செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவிதான் வாடகைக்கு விடப்படும் மனை. சுருக்கும் தொழில்நுட்பத்தைப் பொறுத்து ஒரு டிரான்ஸ்பாண்டரில் ஏறத்தாழ இருபது சாதாரண எஸ்.டி. சேனல்களை அடைக்கலாம். ஒரு ஹெச்.டி. சேனல் மூன்று நான்கு எஸ்.டி. சேனல்களின் இடத்தைச் சாப்பிட்டுவிடும். ஒரு பெரிய சேனலுக்கு ஹெச்.டி. இடம் கொடுத்தால், அங்கே மூன்று சின்னச் சேனல்கள் உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இடம் எவ்வளவு அருமையானது என்பதைத் தமிழ்நாட்டு டி.டி.ஹெச் வாடிக்கையாளர்கள் 2010-இல் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சாரம் பாதிக்கப்பட்டு, பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட்டின் சேவை பாதிக்கப்பட்டது. மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறினார்கள். செயற்கைக்கோள் மாறினால் டிஷ் பார்க்கும் திசையும் மாற வேண்டுமே, அதனால் மொட்டை மாடிகளில் டிஷ்களைத் திருப்பி வைக்கும் வேலை நடந்தது.

இன்னொரு பக்கம், 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 செயற்கைக்கோளின் 24 டிரான்ஸ்பாண்டர்களையும் டாடா ப்ளே ஒருவரே வாடகைக்கு எடுத்தார்கள். 600-ஆக இருந்த சேனல் திறனை 900 வரை உயர்த்த முடியும் என்று அப்போது சொல்லப்பட்டது. ஆக, 'இடமில்லை' என்ற பதில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இருந்த அளவுக்கு இன்று கனமானதில்லை. இன்றைய பதிலில் பணம்தான் கூடுதல்.

யார் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள்?

இந்தக் கதையின் மையம் இதுதான். நாம் கட்டும் பணம் டி.டி.ஹெச் நிறுவனத்துக்குப் போகிறது, அவர்கள் சேனல்காரருக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பெரிய கட்டணச் சேனல்களுக்கு அது சரி. சின்னச் சேனல்களுக்குப் பணம் தலைகீழாக ஓடுகிறது. "என் சேனலை உங்க மேடையில ஏத்துங்க" என்று கேட்டு, சேனல்காரர்தான் டி.டி.ஹெச் நிறுவனத்துக்குக் கட்டுகிறார். இதற்குப் பெயர் கேரேஜ் கட்டணம்.

தொடக்க காலத்தில் இது வெறும் பலப்பரீட்சையாகத்தான் இருந்தது. 2003-இல் ஜீ குழுமத்தின் டிஷ் டிவி வந்தபோது, போட்டியாளர்களான ஸ்டார், சோனி சேனல்கள் அதில் இல்லை. 2004 டிசம்பரில்தான் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஒளிபரப்பாளர் தன் சிக்னலைக் கேட்கும் எல்லா விநியோகஸ்தருக்கும் பாரபட்சமின்றிக் கொடுக்க வேண்டும். 2017 மார்ச்சில் வெளியான விதிகள் மறுபக்கத்தையும் சேர்த்தன. ஒரு சேனல் எழுத்து மூலம் கேட்டு, கேரேஜ் கட்டணமும் கட்டத் தயார் என்றால், இடம் இருக்கும் பட்சத்தில் விநியோகஸ்தர் 60 நாட்களுக்குள் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு காலி, யார் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைத் தன் இணையதளத்தில் போட வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். 2017 விதிப்படி ஒரு எஸ்.டி. சேனலுக்குக் கேரேஜ் கட்டணத்தின் உச்சவரம்பு, ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசா. 20 பைசாதானே என்று தோன்றும். ஒரு கோடி சந்தாதாரர்கள் உள்ள நிறுவனம் என்றால் மாதம் 20 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம். அதுவும் ஒரே ஒரு டி.டி.ஹெச் மேடைக்கு.

2017-இல் வெளியானபோது அந்த விதியில் ஒரு படிக்கட்டும் இருந்தது. சேனலை எடுத்திருப்பவர்கள் மொத்தச் சந்தாதாரர்களில் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் முழுக் கட்டணம். 5-ஐத் தாண்டினால் குறையத் தொடங்கும். 20 சதவீதத்தை எட்டிவிட்டால் கேரேஜ் கட்டணமே கிடையாது. அதாவது, பலரும் எடுக்கும் சேனலுக்கு இலவசம். யாரும் அறியாத சேனலுக்கு முழுச் செலவு. இன்னொரு கத்தியும் தொங்குகிறது. தொடர்ந்து ஆறு மாதம் 5 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால், அந்தச் சேனலைத் தூக்கிவிட விநியோகஸ்தருக்கு உரிமை உண்டு.

சதவீதம் எதற்கு எதிராக என்பதில்தான் மாநில மொழிச் சேனல்கள் அடிபடுகின்றன. சந்தாதாரர்களில் பெரும்பகுதியினர் வட இந்தியாவில் இருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோளில் பிடிக்கும் இடம் நாடு முழுவதற்கும்தானே என்று இந்தியா முழுவதையும் ஒரே சந்தையாக வைத்துக் கணக்கிட்டால், ஒரு தமிழ்ச் செய்திச் சேனலைத் தமிழ் வீடுகள் அத்தனையும் எடுத்தாலும் 5 சதவீதத்தைத் தொடுவது கடினம். அதே சேனல், வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினரைத் தென்னிந்தியாவில் வைத்திருக்கும் மேடையில் 20 சதவீதத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டலாம். சேனலின் தரமோ பார்வையாளரின் விருப்பமோ மாறவில்லை. வகுக்கும் எண் மட்டும்தான் மாறியது.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் 2020 ஜனவரியில் டிராய் இன்னொரு வரம்பைக் கொண்டுவந்தது: ஒரு சேனலை நாடு முழுக்க விநியோகிக்க ஒரு விநியோகஸ்தர் வாங்கும் கேரேஜ் கட்டணம் மாதம் 4 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன 20 லட்சத்தோடு ஒப்பிட்டால் பெரிய நிவாரணம்தான். ஆனாலும் டாடா ப்ளே, ஏர்டெல் டிஜிட்டல் டிவி, டிஷ் டிவி, சன் டைரக்ட் என நான்கு தனியார் மேடைகளிலும் முழு வரம்பைக் கட்ட நேர்ந்தால் ஆண்டுக்கு 1 கோடியே 92 லட்சம் ஆகும். கேபிள் நிறுவனங்கள் தனி. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி நடக்கும் ஒரு சின்ன தமிழ்ச் சேனலுக்கு, நிருபர்களின் சம்பளத்துக்குப் போக வேண்டிய காசு இது.

இதில் ஒரு வட்டச் சுழற்சியைக் கவனித்திருப்பீர்கள். சதவீதம் ஏற வேண்டுமென்றால் சேனல் நிறைய பேரின் பேக்கில் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் சேனல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பதில்லை, நிறுவனம் தயாராக வைத்திருக்கும் பேக்கைத்தான் வாங்குகிறார்கள். அந்த பேக்கில் யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்வது கேரேஜ் கட்டணம் வாங்கும் அதே நிறுவனம். விதிகளை எவ்வளவு இறுக்கினாலும் இந்த முடிச்சு அவிழவில்லை என்பதுதான் என் கருத்து.

நம்பர் 700-ஆ, 1700-ஆ?

ஏற்றிக்கொண்டால் மட்டும் போதாது, எந்த எண்ணில் என்பதும் முக்கியம். ரிமோட்டில் மேலும் கீழும் தட்டிக்கொண்டே போகும் பார்வையாளர், இரண்டு பிரபல சேனல்களுக்கு நடுவில் இருப்பதைத்தான் தற்செயலாகப் பார்ப்பார். ஒதுக்கிய எண்ணைக் குறைந்தது ஓராண்டுக்கு மாற்றக் கூடாது, ஒரு சேனல் ஒரே ஓர் இடத்தில்தான் வர வேண்டும், ஒரே வகைக்குள் ஒரே மொழிச் சேனல்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்றெல்லாம் டிராய் விதித்திருக்கிறது. அதற்கு முன்பு ஒரே சேனல் மூன்று எண்களில் வருவதெல்லாம் சகஜம்.

பாக்ஸை ஆன் செய்ததும் நீங்கள் கேட்காமலே வந்து நிற்கும் சேனல் இருக்கிறதே, லேண்டிங் பேஜ், அது இன்னும் விலை உயர்ந்த மனை. பார்வையாளர் கணக்கை அது வீங்க வைக்கிறது என்று 2018 டிசம்பரில் டிராய் கட்டுப்பாடு விதித்தது. 2019 மே மாதம் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

சேனலும் அவர்கள்தான், டிஷ்ஷும் அவர்கள்தான் என்றால்?

ஒளிபரப்பு நிறுவனமோ கேபிள் நிறுவனமோ ஒரு டி.டி.ஹெச் நிறுவனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது உரிம விதி. கடையும் சரக்கும் ஒரே கையில் இருந்தால் அடுத்தவர் சரக்கு அலமாரியின் கடைசித் தட்டுக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆனால் விதி பேசுவது நிறுவனங்களைப் பற்றி. அவற்றின் பின்னால் இருக்கும் குடும்பங்களைப் பற்றி அல்ல. டிஷ் டிவி ஜீ குழுமத்தின் நிறுவனர் குடும்பத்தால் தொடங்கப்பட்டது, சன் டைரக்ட்டின் பெரும்பான்மைப் பங்கு சன் டிவி நெட்வொர்க்கின் கலாநிதி மாறன் குடும்பத்திடம். பாரபட்சம் கூடாது என்ற விதி இவர்களுக்கும் பொருந்தும். பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்காரும் சின்னச் சேனல்காரருக்கு, அந்த விதியைத் தீர்ப்பாயம் வரை இழுத்துப்போக வக்கீல் செலவுக்குக் காசு வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்குள்ளும் மோதல் வருவதுண்டு. 2018 அக்டோபரில் விலைத் தகராறில் டாடா ஸ்கை சோனியின் பல சேனல்களை நீக்கியது. 2023 பிப்ரவரியில் புதிய விலைகளை ஏற்காத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் சிக்னலை நிறுத்தின. சுமார் நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாக கேபிள் கூட்டமைப்பு சொன்னது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த டி.டி.ஹெச் வீடுகளுக்கு அப்போது சிக்கல் இல்லை. இரு தரப்பும் சண்டை போடும்போது இருட்டாவது நம் வீட்டுத் திரைதான்.

ஃப்ரீ டிஷ்: ஏலத்தில் விற்கும் இடம்

மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷின் கதை தனி. 2004-இல் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இங்கே தனியார் சேனல்களுக்கான இடங்களைப் பிரசார் பாரதி மின்-ஏலத்தில் விடுகிறது. வகைக்கும் மொழிக்கும் ஏற்ப ஆரம்ப விலை மாறும். ஹிந்திப் பொழுதுபோக்கு இடங்கள் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கின்றன. அதிகம் கேட்பவருக்கு இடம் என்பதால், பட்டியலில் ஹிந்தியின் கை ஓங்கியிருப்பதில் வியப்பில்லை. ஃப்ரீ டிஷ் வீடுகள் அதிகம் இருப்பதும் ஹிந்தி மாநிலங்களில்தான், அதனால் தமிழ்ச் சேனலுக்கு அங்கே பெரிய தொகை கட்டி நிற்க வணிகக் காரணம் குறைவு. வேலூரில் ஃப்ரீ டிஷ் வாங்கி வைத்தவர் ஹிந்திப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

2024 ஜூலையில் டிராய் ஒன்றைச் சேர்த்தது: ஃப்ரீ டிஷ்ஷில் காசில்லாமல் ஓடும் சேனலை, மற்ற மேடைகளிலும் இலவசச் சேனலாகவே அறிவிக்க வேண்டும். ஒரே சேனலுக்கு ஏழை வீட்டில் இலவசம், மற்ற வீட்டில் கட்டணம் என்ற நிலை அதோடு முடிந்தது.

சரி, நம்ம கையில என்ன இருக்கு?

நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த முறைப்படி, எந்தச் சேனலையும் தனியாக, அதற்குரிய விலையில் வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்போது சன் டிவியின் தனி விலை 19 ரூபாய், விஜய் டிவி 17 ரூபாய். விலைகள் அவ்வப்போது மாறும், உரிமை மாறவில்லை. நீங்கள் இருக்கும் மாநிலம் எது என்பது இதற்குத் தடையே இல்லை. குருகிராம் முகவரிக்கு நிறுவனத்தின் செயலி முதலில் காட்டுவது ஹிந்தி பேக்குகளாக இருக்கலாம், அது விற்பனை உத்தி மட்டுமே. மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் பேக்குகளும் தனிச் சேனல்களும் வரும். வரவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, சேனல் பெயரையும் எண்ணையும் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். டிஷ் மாட்ட வந்தவரிடம் விவாதித்துப் பயனில்லை, பட்டியல் அவர் கையில் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சேனல்களின் விலை. மற்றொன்று இணைப்புக்கான என்.சி.எஃப் கட்டணம். 2019-இல் 100 சேனல்களுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று இருந்தது. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றும், கட்டாய தூர்தர்ஷன் சேனல்களை அந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்றும் மாற்றினார்கள். 2024 ஜூலையில் உச்சவரம்பையே நீக்கிவிட்டார்கள். இப்போது நிறுவனமே நிர்ணயிக்கலாம், பகுதிக்குப் பகுதி வேறுபடுத்தவும் செய்யலாம். ஆகவே சென்னை நண்பரின் பில்லோடு உங்கள் பில்லை ஒப்பிட்டால் பொருந்தாமல் போகலாம்.

பார்த்துக்கொண்டிருந்த சேனல் திடீரென்று காணாமல் போனால்? ஒப்பந்தம் முறியும்போது சிக்னலை நிறுத்த மூன்று வார முன்னறிவிப்பு தர வேண்டும், திரையின் கீழே ஓடும் எழுத்துகளில் 15 நாள் முன்பே பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. நின்ற நாளிலிருந்து அந்தச் சேனலுக்குப் பணம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் முதலில் சேவை மையத்தில் புகார் எண் வாங்குங்கள், பிறகு நிறுவனத்தின் நோடல் அதிகாரி. டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்து வைப்பதில்லை. அடுத்த கதவு நுகர்வோர் ஆணையம்.

நிறுவனத்தையே மாற்றலாமே என்றால், செல்போன் எண்ணை மாற்றுவதுபோல் அவ்வளவு சுலபமில்லை. ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் நடைமுறையில் இன்னொன்றுக்கு உதவாது. எந்தப் பாக்ஸும் எந்த மேடையிலும் இயங்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தும் நிலைமை மாறவில்லை. டிஷ்ஷும் வேறு செயற்கைக்கோளைப் பார்க்கத் திரும்ப வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பதில், பலர் ரீசார்ஜ் செய்வதையே நிறுத்திவிடுகிறார்கள். தனியார் டி.டி.ஹெச்-சின் செயலில் உள்ள சந்தாதாரர்கள் 2020 இறுதியில் ஏறத்தாழ 7 கோடி. 2025-இல் 6 கோடிக்கும் கீழே. இணைய வசதியும் கேபிளும் சரியாக எட்டாத கிராமங்களில் டிஷ்தான் இன்னும் ஒரே வழி என்பதால், மீதியிருக்கும் அந்த வீடுகளின் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது சேனல்காரர்களுக்கு இன்னமும் பெரிய விஷயம்தான்.

அம்மா, அப்பா வருவதற்கு இரண்டு நாள் முன்பே தமிழ்ச் சேனல்களைச் சேர்த்துவிடுங்கள். சில பேக்குகளுக்குக் குறைந்தபட்ச நாட்கள் கட்டுப்பாடு இருக்கலாம், சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.